பபூன் பேச்சு: ஊரைச் சிரிக்க வைத்ததும் பிரித்ததும்

கிராமபோன் ராஜபார்ட்டை வளர்த்தது. கேசட் பபூனை வளர்த்தது. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் வட்டாரத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் உள்ள நூறு வருட உறவு இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிடம்தான் பிடிக்கும். 3 நிமிடத்தில் ஒரு பாட்டு முடியும்; ஒரு கதை முடியாது. அதனால் மேடைப் பாடகர்களான எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் தட்டில் ஏறி வீடு வீடாகப் போனார்கள். அவர்களுக்கு முன்னால் மேடையேறி, கலைந்து திரிந்த கூட்டத்தைச் சிரிக்க வைத்து உட்கார வைத்துக் கொடுத்த கோமாளிகள் ஊர் எல்லையோடு நின்றுபோனார்கள்.

60 நிமிட கேசட் வந்ததும் கணக்கு மாறிவிட்டது. பக்கத்துக்கு 30 நிமிடம். ஒரு பக்கத்தில் பபூன் தனியாக வந்து பேசுவது, திருப்பிப் போட்டால் டான்ஸ்காரம்மா வந்து அவரோடு மல்லுக்கட்டுவது. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி நாடகத்தின் முதல் ஒரு மணி நேரம் அந்தப் பெட்டிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பியவர்கள் தோளில் டேப் ரிக்கார்டரோடு ஊருக்குள் இறங்கிய காலம் அது. மைக் செட் கடைக்காரரே நாடகத்தைப் பதிந்து, பிரதி எடுத்து விற்றார். வள்ளியும் முருகனும் வரும் பகுதியை வாங்க ஆள் குறைவு. பபூன் காமெடிக்கு வரிசை.

இன்றைக்கு அந்தப் பேச்சு அறுவடை மிஷின் கேபினில் ஓடுகிறது. டீக்கடை ஸ்பீக்கரில், இரவு லாரியில், செங்கல் சூளையில், துபாயில் லேபர் கேம்ப் கட்டிலில் படுத்திருக்கும் திருப்பத்தூர்ப் பக்கத்துப் பையனின் செல்போனில் ஓடுகிறது. கேசட் போய் வி.சி.டி. வந்தது, வி.சி.டி. போய், கடையில் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் மெமரி கார்டு வந்தது, பிறகு யூடியூப். எத்தனையோ பழைய பதிவுகளில் பேசியவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பவருக்குத் தெரியாது. அவர் சொன்ன மாமியார் கதைக்கு இன்றும் ஆள் விழுந்து விழுந்து சிரிக்கிறது.

அதே குரல் காதில் விழுந்தால் எழுந்து போகிறவர்களும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதைப் போடாதே என்று அணைக்கிற அம்மா ஒருவர். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகத்தை இப்படிக் கெடுத்துவிட்டார்களே என்று ஆற்றாமைப்படுகிற பழைய ரசிகர் ஒருவர். தன் அப்பா செய்த தொழிலைப் பபூன் நக்கலடித்தபோது ஊரே சிரித்ததைக் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்க நேர்ந்தவர் இன்னொருவர். இந்த மூன்று பேரின் கோபமும் ஒரே கோபமில்லை. ஆனால் நாம் எல்லாவற்றையும் ‘ஆபாசம்’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டு, வேண்டும், வேண்டாம் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறோம்.

என் எண்ணம் வேறு. ஒரு ராத்திரிக்குள் பிறந்த பேச்சை அந்த ராத்திரியிலிருந்து அறுத்து எடுத்ததுதான் இந்தப் பதிவுகளின் பலம். கேடும் அதிலிருந்துதான் வந்தது. அறுத்து விற்றதன் லாபம் ஒரு கைக்கும் அதன் பழி இன்னொரு தலைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. சிரிக்கலாமா கூடாதா என்று பேசுவதற்கு முன்னால் பேச வேண்டியது அதைத்தான்.

ஒத்திகை இல்லாத ராத்திரி

தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்து 1922-இல் புதுச்சேரியில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் சரித்திரம் போன்ற நாடகங்கள்தான் இந்த மேடையின் முதல். கம்பெனி நாடகங்கள் கலைந்து சினிமா பெருகிய பிறகும், தெற்கே இவை சாகவில்லை. காரணம், இதை நடத்த ஒரு கம்பெனி தேவையில்லை. நாயகனாக வரும் ராஜபார்ட் ஒரு ஊர், நாயகியாக வரும் ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் இன்னொரு ஊர். ஏஜென்ட் வழியாக ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தேதி கொடுத்து, அன்றைக்கு இரவு மேடைக்குப் பின்னால் ஒப்பனை போடும்போதுதான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. எல்லோருக்கும் பாடம் ஒன்று என்பதால் நாடகம் தானாக ஓடிவிடும். மதுரையில் 1923-இல் தொடங்கிய நடிகர் சங்கம் இன்றும் இருக்கிறது. மாசி, பங்குனியில் ஆரம்பித்து ஆடி வரைக்கும் அவர்களுக்குச் சீசன்.

பபூனுக்கு மட்டும் அந்தப் பாடம் பெரிதாக உதவாது. வள்ளிக்கும் நாரதருக்கும் சுவாமிகள் பாட்டும் வசனமும் எழுதிக் கொடுத்திருக்கிறார். பபூன் தன் சரக்கைத் தானே கொண்டு வர வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு என்கிற பல வாத்தியத் தாளக்காரர் மூவரும் உட்கார்ந்து சுருதி சேர்த்ததும் முதலில் வருகிறவர் அவர்தான். அப்போது கூட்டம் இன்னும் கூட்டமாகவில்லை. பாதிப் பேர் சாமி கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள், பாதிப் பேர் பொரிகடலைக் கடையில் நிற்பார்கள். முன்வரிசையில் பாய் விரித்துப் பிள்ளைகள் தூங்கத் தொடங்கியிருப்பார்கள். அந்த நேரத்தில் தனி ஆளாக நின்று, பேச்சால் மட்டுமே ஒரு ஊரைக் கட்டிப் போட வேண்டும். அடுத்த ஊரில் ஆள் வேறு. அங்கே எடுபட்டது இங்கே எடுபடாது. தமிழில் இதைவிடக் கடினமான மேடை வேலை எனக்குத் தெரியவில்லை.

இந்த மேடையைச் சிரிப்பு மேடை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. சிவகாசியில் பிறந்த விஸ்வநாத தாஸ் இதே வள்ளி திருமணத்தில் முருகனாக வந்து, வெள்ளைக் கொக்கை விரட்டும் பாட்டில் வெள்ளைக்காரனை விரட்டினார். அதற்காகப் பலமுறை சிறை போனார். 1940-ஆம் ஆண்டின் கடைசி நாள் சென்னையில், முருகன் வேடத்தில், மேடையிலேயே உயிர் விட்டார். கதைக்கு நடுவே அன்றைய சங்கதியை நுழைப்பது இந்த நாடகத்தின் ரத்தத்தில் ஊறியது. அரசனைக் கிண்டலடிக்கத் தெரிந்த அதே வாய்தான் அண்டை வீட்டுக்காரியையும் கிண்டலடித்தது. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்று நடக்கவேயில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மிருதங்கக்காரரிடம் சொல்லும் கதை

பபூன் பேச்சைக் கேட்டே இராதவர்களுக்காக ஒரு துண்டு. எந்த நடிகருடையதும் அல்ல. அந்தப் பாணியைக் காட்ட நானே கோத்தது.

“நேத்து டவுன் பஸ்ல ஏறுனேண்ணே.”

“ஏறி?”

“கண்டக்டர் எங்கப்பா போகணும்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“வள்ளி திருமணத்துக்குன்னேன்.”

“அதுக்கு?”

“மொய் எழுதுற எடத்துல எறக்கி விடவான்னாரு.”

“எறக்குனாரா?”

“எறக்கிட்டாருண்ணே. போயிப் பார்த்தா மொய் நோட்டப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறது முருகனோட மூத்த சம்சாரம்!”

இதில் பபூன் ‘அண்ணே’ என்று கூப்பிடுவது மிருதங்கக்காரரை. ஆயிரம் பேர் எதிரே இருந்தும் கதை அவரிடம்தான் சொல்லப்படுகிறது. அவர் போடும் ‘ஏறி?’, ‘அதுக்கு?’ இல்லாமல் கதை நகராது. சில நேரம் வாயால் கேட்க மாட்டார். தொப்பியில் ஒரு தட்டுத் தட்டுவார், அதுவே கேள்வி. பபூன் பொய் சொல்கிறார் என்று தெரிந்தால் ஆர்மோனியக்காரர் ஒரு கட்டையை இழுத்துப் பிடிப்பார். அதற்குக் கூட்டம் தனியாகச் சிரிக்கும். வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவதைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல.

90-களின் தொடக்கத்தில் மதுரையில் தங்கி இந்த நடிகர்களோடு பயணம் செய்து, 2005-இல் தனி நூலே எழுதிய அமெரிக்க ஆய்வாளர் சூசன் சைசர் இந்த ஏற்பாட்டை மிக நுட்பமாகக் கவனித்திருக்கிறார். பெண்களும் பெரியவர்களும் உட்கார்ந்திருக்கும் சபையில் ஒருவர் நேருக்கு நேர் கொச்சையாகப் பேசிவிட முடியாது. ஆனால் இரண்டு ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைச் சபை ஒட்டுக்கேட்டால்? சொன்னவருக்கும் குற்றமில்லை, கேட்டவருக்கும் குற்றமில்லை. பபூன் மிருதங்கக்காரர் பக்கம் திரும்பி நிற்பதில் இத்தனை சூட்சுமம் இருக்கிறது.

அந்தச் சூட்சுமத்தில் இன்னும் பல கண்ணிகள் உண்டு. முதலில் அவையடக்கம்: குற்றம் குறை இருந்தால் உங்கள் வீட்டுப் பிள்ளையாக நினைத்து மன்னிக்க வேண்டும் என்று கை கூப்பாமல் பபூன் ஆரம்பிக்க மாட்டார். ஊர்ப் பெரியவர் ஒருவர் நாற்காலி போட்டு முன்னால் உட்கார்ந்திருப்பார். பேச்சு எல்லை தாண்டினால் தொண்டையைச் செருமுவார். எங்கள் ஊரில் இன்னது பேச வேண்டாம் என்று விழாக் கமிட்டி முன்கூட்டியே சொல்லிவிடுவதும் உண்டு. பிறகு டான்ஸ்காரம்மா வருவார். பபூன் அடித்த கிண்டலுக்கெல்லாம் அவர் பதில் தருவார். பாட்டுக்குப் பாட்டு, வசனத்துக்கு வசனம் என்று அந்தப் போட்டி போகும். நல்ல ஜோடி அமைந்தால் பபூன் தோற்பதுதான் அந்த ராத்திரியின் உச்சம். அவர் வாயடைத்து நிற்கும்போது பெண்கள் பக்கமிருந்து கேட்கும் சிரிப்புக்குத் தனி வேகம் உண்டு. இவ்வளவும் முடிந்து நள்ளிரவு தாண்டியதும் ஸ்திரீபார்ட் வருவார், வள்ளி தினைப்புனம் காப்பார், நாரதரோடு தர்க்கம் நடக்கும், விடியும்போது கல்யாணம். கொச்சையாகத் தொடங்கிய இரவு சாமி கல்யாணத்தில் முடியும். தொடக்கத்தில் கேட்ட பேச்சின் மேல் அந்த முடிவு வந்து கவியும்.

கேசட்டில் என்ன வந்தது? மைக்குக்குப் பக்கத்தில் இருந்ததால் மிருதங்கக்காரரின் ‘ஏறி?’ பளிச்சென்று வந்தது. பழைய பதிவுகளைக் கேட்டால் கூட்டத்தின் சிரிப்பு எங்கோ தூரத்தில் அலை மாதிரி ஒரு நொடி தாமதித்து வரும். அதில் ஆண் குரல்தான் கேட்கும். முந்தானையால் வாயை மூடிச் சிரித்தவர்கள் டேப்பில் விழவில்லை. நடுநடுவே இன்னார் நூற்றியொரு ரூபாய் அன்பளிப்பு என்று பபூன் கதையை நிறுத்தி அறிவிப்பார். விற்பனைக்குப் போன கேசட்டில் அதை வெட்டினார்கள், அவையடக்கத்தையும் வெட்டினார்கள். இடம் போதாதபோது டான்ஸ்காரம்மாவின் பதிலையும் பாதியில் நிறுத்தினார்கள். நாடகத்தில் ஒரு கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. கேசட்டில் பெரும்பாலும் கேள்வி மட்டும் மிஞ்சியது.

அதே வெட்டுத்தான் அதற்கு ஆயுளையும் கொடுத்தது என்பதை மறுக்க முடியாது. தூக்கம் முழிக்க முடியாதவர், திருவிழாவுக்கு லீவு கிடைக்காதவர், ஊரை விட்டே போனவர் எல்லோருக்கும் அது ஊரின் ஒரு துண்டாக இருந்தது. டெய்லர் கடையில் காஜா எடுக்கும் பையனுக்கும் இரவு டூட்டி வாட்ச்மேனுக்கும் பேச்சுத் துணை அது. தன் ஊர்ப் பேச்சு, தன் ஊர்க் கெட்ட வார்த்தை உட்பட, எந்தத் திருத்தமும் இல்லாமல் பெட்டிக்குள்ளிருந்து வருவதைக் கேட்கிற சந்தோஷம் பெரியது. ரேடியோவும் பாடப் புத்தகமும் அந்தப் பேச்சைத் தாழ்வாக நினைத்திருந்த காலத்தில், அதை விலைக்கு வாங்கிக் கேட்க வைத்தது இந்த கேசட்டுகள். ‘வந்தேன்’ என்று பேசாமல் ‘வந்தேம்ப்பா’ என்று பேசுகிற ஒரு குரலுக்குக் காசு கொடுக்கலாம் என்று ஒரு கிராமத்தான் முடிவெடுத்ததை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எழுந்து போக முடியாதவர்கள்

நாடகத்தில் பேச்சு பிடிக்கவில்லையென்றால் ஒரு பெண் எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஸ்திரீபார்ட் வந்ததும் எழுப்பு என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். டவுன் பஸ்ஸில் டிரைவர் போட்ட கேசட்டிலிருந்து எங்கே போவது? அடுத்த ஸ்டாப் வரும் வரைக்கும் உட்கார்ந்து கேட்க வேண்டும். பின் சீட்டிலிருந்து ஒருவன் வசனத்தைத் திருப்பிச் சொல்வான். பக்கத்தில் இருப்பவர்கள் தன் முகத்தைப் பார்க்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சிரித்தாலும் தப்பு, முறைத்தாலும் தப்பு. இந்தப் பதிவுகளை வெறுக்கும் பெண்களில் எத்தனையோ பேர் நாடகத்தை வெறுப்பதில்லை. அவர்கள் வெறுப்பது அந்தப் பஸ் பயணத்தை. மேடையில் ஒட்டுக்கேட்பது மாதிரி ஒரு நாசூக்கு இருந்தது. பஸ்ஸில் அதே வசனம் நேராக அவர்கள் மேல் வீசப்பட்டது.

சாதியும் அப்படித்தான். வண்ணார், நாவிதர், சக்கிலியர் என்று தொழிலைச் சொல்லிச் சிரிக்க வைப்பது பழைய பபூன்களின் கைச்சரக்காக இருந்தது. காசு கொடுத்து நாடகம் போட்ட ஊராரைக் கிண்டலடிக்கத் துணிச்சல் வேண்டும். ஊருக்கு வெளியே குடியிருந்தவரைக் கிண்டலடிக்க எந்தத் துணிச்சலும் வேண்டாம். மேடையில் இது இன்று பெருமளவு குறைந்துவிட்டது. சட்டமும் அரசியல் விழிப்பும் அதைச் செய்தன. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று கேள்வி கேட்டதும் செய்தது. ஆனால் பேசியவர் திருந்தினாலும் கேசட் திருந்தாது. அவர் கைவிட்ட வசனத்தை யூடியூப்பில் யாரோ நேற்று ஏற்றியிருப்பார்கள். கீழே பழைய காமெடிதான் காமெடி என்று ஒருவர் எழுதியிருப்பார்.

இந்த மேடைச் சிரிப்பு எப்போதும் கீழே இருப்பவர்களைத்தான் குத்தும் என்று சொல்வார்கள். முழுக்க அப்படி இல்லை. சிரிப்பை மேல் நோக்கித் திருப்பியவர்களும் இதே மண்ணிலிருந்துதான் வந்தார்கள். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டும் நாடக மேடையும் உருவாக்கிய கதைசொல்லி. நந்தனார் சரித்திரக் காலட்சேபத்தின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, படித்து முன்னேறும் ஏழைப் பையன் ஒருவனின் கதையைக் கிந்தனார் காலட்சேபமாக்கினார். உடுமலை நாராயணகவி எழுத, 1949-இல் வந்த நல்லதம்பி படத்தில் அது இடம்பெற்றது. பக்திக் கதையின் ராகத்தில் பள்ளிக்கூடத்தைப் பாடிச் சிரிக்க வைத்த அந்தப் பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. யாரையும் கூச வைக்காமல் சிரிக்க வைக்கிறது.

இன்னொரு பக்கம் தென்கச்சி கோ. சுவாமிநாதன். 2009-இல் அவர் மறைந்த பிறகும் வானொலியில் சொன்ன ‘இன்று ஒரு தகவல்’ கதைகள் செல்போன்களில் சுற்றுகின்றன. ஊர்ப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்வது போன்ற நிதானம், கடைசியில் ஒரு சிரிப்பு. பபூன்களைத் திட்டுகிறவர்கள் உடனே அவரை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள்: இவர் பேசவில்லையா, கிராமத்துக் கதையைக் குடும்பத்தோடு கேட்கும்படி? நியாயம்தான். ஆனால் அவர் முன்னால் இருந்தது நிலையத்தின் மைக். மாதச் சம்பளம் வரும் வேலை. பபூன் முன்னால் இருப்பது, பாதிப் பேர் குடித்திருக்கிற, பிடிக்கவில்லையென்றால் ‘உள்ள போடா’ என்று கத்துகிற கூட்டம். சிரிப்பு வரவில்லையென்றால் அடுத்த வருடம் அந்த ஊர்த் தேதி போய்விடும். ஒருவரைக் காட்டி இன்னொருவரை அடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

யாருக்குக் காசு, யாருக்குப் பழி

வி.சி.டி. வந்ததும் பேச்சை விடப் படம் முக்கியமானது. கேசட் கேட்ட காலத்தில் பபூன் பெயர்தான் அட்டையில் பெரிதாக இருந்தது. வி.சி.டி. அட்டையில் டான்ஸ்காரம்மாவின் படம் பெரிதாகிவிட்டது. கேமரா எங்கே நின்றது, எதை நெருக்கிக் காட்டியது என்பதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. யூடியூப்பில் அது இன்னும் மோசம். ஒரு மணி நேரப் போட்டியிலிருந்து ஐந்து நிமிடத்தை வெட்டி, அவர் ஒரு கணம் குனிந்த இடத்தை நிறுத்தி முகப்புப் படமாக வைத்து, மேடையில் யாரும் சொல்லாத ஒரு தலைப்பைப் போட்டு ஏற்றுகிறார்கள். லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள். கமென்ட்டில் விழும் வசவு அவருக்கு. விளம்பரக் காசு ஏற்றியவருக்கு.

இந்தப் பெண்கள் இந்தப் பழியைத் தெரிந்தே காலமெல்லாம் தாங்கி வந்தவர்கள். நாடக வேலைக்குப் போகும்போது தனி வேன் பேசி, கண்ணாடியை மூடிக்கொண்டு, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போவார்கள். ராத்திரி பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்று யார் வாயிலும் விழக் கூடாது என்பதற்காக. மேடைக்கு வெளியே தாங்கள் குடும்பப் பெண்கள் என்று நிரூபிக்க அவர்கள் எடுத்துக்கொள்ளும் இந்தப் பாடு சைசரின் நூலில் விரிவாக இருக்கிறது. முகத்தை மறைத்துக்கொண்டு வேனில் போனவரின் முகம் இன்று அவர் பிள்ளை படிக்கும் கல்லூரியில் எல்லோர் போனிலும் போய்ச் சேர்கிறது. பபூன் பேச்சு ஆபாசமா என்று பட்டிமன்றம் நடத்துகிற நாம், அந்தப் பேச்சுக்கு ஈடுகொடுத்துப் பதில் சொன்னவரின் வாழ்க்கையை இதுவரை கணக்கில் எடுத்ததில்லை.

சட்டம் இந்த மேடையை எப்படிப் பார்க்கிறது? இரண்டு விதமாக. திருவிழாக் காலம் வந்துவிட்டால் ஆடல் பாடல், கரகாட்டம் ஆகியவற்றுக்கு அனுமதி கேட்டு நீதிமன்றத்தில் மனுக்கள் குவியும். ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்த வசனம் கூடாது, சாதியைத் தூண்டும் பாட்டு கூடாது என்ற நிபந்தனைகளோடு அனுமதி கிடைக்கும். அதோடு ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கி பொதுவாகக் கூடாது. தூங்க விரும்புகிறவருக்கு அது நியாயமான விதி. ஆனால் ஸ்பெஷல் நாடகம் தொடங்குவதே 10 மணிக்கு. போலீஸ் அனுமதிக்கு ஒவ்வொரு கமிட்டியும் அலைகிறது. பல இடங்களில் நாடகத்தைச் சுருக்கி முடிக்கச் சொல்கிறார்கள். சுருக்கும்போது முதலில் போவது எது தெரியுமா? தர்க்கமும் பாட்டும். கூட்டம் வேண்டுமென்பதால் காமெடி நிற்கும். விடியற்காலக் கல்யாணத்தைத் தொலைத்த நாடகம் மெல்ல மெல்ல அதன் கேசட் மாதிரியே ஆகிக்கொண்டிருக்கிறது.

கட்டுப்படுத்தும் சட்டத்தை எல்லோருக்கும் தெரியும். காப்பாற்றும் சட்டமும் ஒன்று இருக்கிறது. அதை யாரும் இந்த நடிகர்களிடம் சொல்வதில்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் செய்த திருத்தம், நிகழ்த்துகிறவருக்குத் தன் நிகழ்ச்சியின் மேல் உரிமை உண்டு என்று சொன்னது. நடிகர், பாடகர், வாத்தியக்காரர், நடனக்காரர் மட்டுமின்றிக் கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரைக்கும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். உரிமையின் காலம் பின்னர் 50 ஆண்டாக உயர்ந்தது. 2012 திருத்தம், பதிவை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் நிகழ்த்தியவருக்கு ராயல்டி உண்டு என்பதையும், தன் நிகழ்ச்சியைச் சிதைத்துப் பெயரைக் கெடுத்தால் தடுக்கலாம் என்பதையும் சேர்த்தது. பாம்பாட்டிக்கு இருக்கிற உரிமை பபூனுக்கும் டான்ஸ்காரம்மாவுக்கும் இருக்கிறது. ஆனால் ஒத்திகை இல்லாமல் ஒரு ராத்திரி சேர்ந்து பிரிகிறவர்களுக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் ஏது? தாம்பூலத்தில் வைத்துக் கொடுத்த அட்வான்ஸ்தான் ஒப்பந்தம். நாடகத்துக்குக் கூலி வாங்கினால் பதிவுக்கும் சேர்த்து வாங்கியதாகவே மைக் செட்காரரும் வீடியோக்காரரும் எடுத்துக்கொண்டார்கள்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது பங்குனித் திருவிழாக்கள் அப்படியே நின்றன. வருடத்துக்குச் சோறு போடும் மாதங்கள் அவை. அடுத்த வருடமும் அதே கதி. வேடம் போட்டவர்கள் கட்டட வேலைக்கும் காய்கறி விற்கவும் போனார்கள். அந்த மாதங்களிலும் அவர்களின் பழைய பதிவுகள் நிற்காமல் ஓடின. வீட்டில் அடைபட்டிருந்தவர்கள் முன்பை விட அதிகமாகக் கேட்டிருப்பார்கள். சில நடிகர்கள் விழித்துக்கொண்டு தாங்களே சேனல் தொடங்கினார்கள். அது நல்ல தொடக்கம். தன் பேச்சைத் தானே ஏற்றுகிறபோது எதை விட வேண்டும் என்று பபூனே தீர்மானிக்கிறார். எந்தப் படத்தை முகப்பில் வைக்கக் கூடாது என்று டான்ஸ்காரம்மாவே சொல்கிறார். அப்படி வந்த பதிவுகளில் வசனம் கொஞ்சம் அடங்கியிருப்பதையும், பதிலுக்குப் பதில் முழுதாக இருப்பதையும் கேட்டுப் பார்ப்பவர்கள் உணரலாம்.

பழைய கேசட்டுகளை என்ன செய்வது? எரித்துவிடு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சாதி வசனமும் கொச்சையும் இருக்கிற பதிவைப் பொதுவெளியில் ஓடவிடுவது வேறு. ஒரு காலம் எதற்குச் சிரித்தது என்பதற்கான சான்றாகப் பாதுகாத்து வைப்பது வேறு. கோட்டையூர் ரோஜா முத்தையா சேகரித்த புத்தகங்களும் இதழ்களும் நாடக நோட்டீஸ்களும் இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக இருப்பதால்தான் நூறு வருடத்துக்கு முந்தைய மேடையைப் பற்றி நம்மால் ஏதாவது பேச முடிகிறது. 80-களின் கேசட்டுகளுக்கு அப்படி ஓர் ஆள் இன்னும் வாய்க்கவில்லை. நாடாவில் பூசணம் பிடிக்கிறது, பூச்சு உதிர்கிறது, ஓட்டிப் பார்க்க பிளேயர் இல்லை. மைக் செட் கடைகளின் பரண்களில் விற்பனைக்கு வெட்டாத முழு இரவுப் பதிவுகள் கிடக்கின்றன. அவையடக்கமும் நூற்றியொரு ரூபாய் அன்பளிப்பும் டான்ஸ்காரம்மாவின் முழுப் பதிலும் விடிகாலை மங்களமும் அவற்றில்தான் இருக்கின்றன. தமிழ்ப் பல்கலைக்கழகமோ, இயல் இசை நாடக மன்றமோ, நடிகர் சங்கங்களோடு சேர்ந்து அவற்றை எண்ம வடிவுக்கு மாற்றுகிற வேலையை இந்தச் சீசனிலேயே தொடங்கலாம்.

அதுவரைக்கும் இந்தக் காமெடியைப் போனில் ஏற்றுகிறவர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. நாடக நோட்டீஸில் ராஜபார்ட் முதல் ஆல்ரவுண்டு வரைக்கும் ஒவ்வொருவர் பெயரும் ஊரும் படத்தோடு இருக்கும்; ஒரு கிராமத்து அச்சகம் தவறாமல் செய்கிற மரியாதை அது. வீடியோவின் கீழே அதே பெயர்களைப் போடுங்கள். மிருதங்கத்தில் யார், ஆர்மோனியத்தில் யார், பபூனுக்குப் பதில் சொன்னவர் யார், எந்த ஊர், எந்தத் திருவிழா, எந்த வருடம் என்று எழுதுங்கள். அவர்களில் யாராவது எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். காசு வந்தால் அவர்கள் பங்கைக் கொடுங்கள்.